பட்டறைக் கத்திகளை வீட்டில் அழகுபடுத்திக் காட்சிக்கு வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கொல்லுப்பட்டறையில் அடித்து வாங்கிய கத்திகளைச் சேர்ப்பவர்களும், தாத்தா காலத்து அரிவாளையும் கொடுவாளையும் பரணிலிருந்து இறக்கிக் கூடத்தில் வைக்க நினைப்பவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. பிடி, உறை, தாங்கி, பெட்டி ஆகிய நான்கையும் உங்கள் விருப்பம்போல் மாற்றிக்கொள்ளலாம். பிறகு வேண்டாமென்றால் கழற்றிவிடவும் முடியும். அலகு அப்படியல்ல. அதில் உள்ள சம்மட்டித் தழும்பும் அரம் ஓடிய கோடும் அடித்தவருடைய கைத்தடங்கள், ஒருமுறை தேய்த்து அழித்தால் திரும்ப வராதவை. கீழே உள்ள விடைகள் பெரும்பாலும் இந்த நிலைப்பாட்டிலிருந்தே சொல்லப்படுகின்றன.

எங்கள் வட்டாரத்தில் சேர்த்து வைக்கத் தகுந்த கத்திகள் என்னென்ன இருக்கின்றன?

இணையத்தில் காணும் வெளிநாட்டு வேட்டைக் கத்திகளின் படங்களைப் பார்த்துவிட்டு, இங்கே அப்படி எதுவும் இல்லையே என்று பலர் நினைக்கிறார்கள். வேலையை வைத்துத் தேடினால் இங்குள்ள வகைகளை ஒரு சுவர் கொள்ளாது. சந்தூர்ப் பக்கத்து நாற்றுப் பண்ணைகளில் மாங்கன்றுகளுக்கு ஒட்டுக் கட்டுபவர்களின் சிறிய கத்தி ஒருவகை. தாய்மரக் குச்சியை ஒரே இழுப்பில் சாய்வாகச் சீவ வேண்டும் என்பதால் அதன் வாய், அதாவது வெட்டும் ஓரம், மிக மெல்லியதாக இருக்கும். பட்டுப்புழு வளர்ப்பவர்கள் மல்பெரிக் கிளை அறுக்க வைத்திருக்கும் வளைந்த அரிவாள் வேறு, கேழ்வரகுக் கதிர் அறுக்கும் பல் வெட்டிய பன்னரிவாள் வேறு. ஒகேனக்கல்லில் பரிசல் கட்டுபவர்களுக்கு மூங்கிலைப் பிளந்து பட்டையாக உரிக்கக் கத்தி வேண்டும். முதுகு தடித்து வாய் ஒடுங்கிய வடிவமே அந்த வேலைக்கு ஒத்துவரும். இவற்றோடு முள் வெட்டும் கொடுவாள், தென்னை மட்டை கழிக்கும் அரிவாள், கறிக்கடைக் கத்தி, பாக்குவெட்டி, பாட்டியின் அரிவாள்மணை ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். ஓசூர்ப் பக்கம் கன்னடம் பேசும் குடும்பங்களில் மச்சு என்று சொல்லும் அகன்ற வெட்டுக்கத்தியும் இந்த வரிசையில் இடம்பெற வேண்டியதே.

இரும்பு இந்த மண்ணுக்குப் புதியதன்று. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் நடந்த அகழாய்வில் இரும்பின் பயன்பாடு கி.மு. 2172 வரை பின்னோக்கிச் செல்வது தெரியவந்து, 2022இல் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. இரு மாவட்டங்களிலும் காணப்படும் நடுகற்களில், ஒரு கையில் வில்லும் மறு கையில் வாளோ குறுவாளோ ஏந்திய வீரர்களைக் காணலாம். தருமபுரி அகழ்வைப்பகத்திலும் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும் உள்ள நடுகற்களின் முன் சற்று நேரம் நின்று, அலகு எங்கே அகல்கிறது, பிடி எங்கே முடிகிறது என்று பாருங்கள். புதிதாகக் கத்தி அடிக்கச் சொல்பவர்களுக்கு அதைவிட நல்ல வடிவப் பாடம் கிடையாது.

ஒன்றை மட்டும் சேர்க்கவே கூடாது. முனியப்பன் கோயில் போன்ற இடங்களில் வேண்டுதலாக நட்டுவைத்த அரிவாள்கள் எவ்வளவு பழையவையாக இருந்தாலும் அவை கோயிலுக்கு உரியவை. யாராவது விலைக்குக் கொண்டுவந்து கொடுத்தாலும் மறுத்துவிட வேண்டும்.

வீட்டில் கத்திகளைச் சேர்த்து வைத்திருப்பது சட்டப்படி சரியா?

வீட்டு வேலைக்கும் விவசாய வேலைக்கும் செய்யப்பட்ட கருவிகளை வைத்திருப்பதற்குத் தடை இல்லை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ கொண்ட அலகுடைய கத்திகளை ஆயுதப் பட்டியலில் வைக்கின்றன; ஆனால் வீடு, விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றின் பயன்பாட்டுக்கென்று செய்யப்பட்டவற்றுக்கு அதே விதி விலக்கும் தருகிறது. வாள், குறுவாள், ஈட்டி ஆகியவை அந்தப் பட்டியலில் தனியாகவே பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டுள்ளன. ஆகவே ஒரு கொடுவாளும் அதே நீளமுள்ள அலங்கார வாளும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல. இருபுறமும் கூராக்கிய குறுவாள் வடிவங்களையோ வாள்களையோ சேர்க்க விரும்புபவர்கள் வாங்குவதற்கு முன்பே ஒரு வழக்கறிஞரிடமோ காவல் நிலையத்திலோ விசாரித்துக்கொள்வது நல்லது.

தமிழகக் காவல்துறை 2021இல் கத்தி, அரிவாள் செய்பவர்களை அழைத்துப் பேசி, வாங்குவோரின் பெயர், முகவரி, வாங்கும் காரணம் ஆகியவற்றைக் குறித்து வைக்கும்படி அறிவுறுத்தியது. பட்டறையில் உங்கள் விவரம் கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுங்கள்; அது அவருக்கும் உங்களுக்கும் பாதுகாப்பு. வாங்கிய கத்தியை வெறும் கையில் எடுத்துக்கொண்டு பேருந்தில் ஏற வேண்டாம். வாயில் அட்டை வைத்துக் கட்டி, பையின் அடியில் வைத்து, நேராக வீட்டுக்கு வந்துவிடுங்கள். சமூக ஊடகத்தில் கத்தியைக் கையில் பிடித்து ஓங்கியபடி படம் போடுவதை முற்றிலும் தவிர்க்க வேண்டும். அப்படிப்பட்ட படங்களுக்காகவே வழக்குப் பதிவாகிறது என்பது ஒருபுறமிருக்க, ஒரு கைவினையை மிரட்டலாகக் காட்டுவது அதை அடித்தவருக்குச் செய்யும் அவமரியாதை.

கொல்லரிடம் புதிதாக ஒன்று அடித்துத் தரச் சொல்லும்போது என்னென்ன சொல்ல வேண்டும்?

முதலில் வேலையைச் சொல்லுங்கள், பிறகு அளவைச் சொல்லுங்கள். எதை வெட்டப் போகிறது, பிடிப்பவர் கை பெரியதா சிறியதா, வலக்கையா இடக்கையா என்பது தெரிந்தால் எடையையும் வளைவையும் அவரே முடிவு செய்வார். படம் காட்டுவதானால் பக்கவாட்டுப் படம் மட்டும் போதாது. முதுகு எவ்வளவு தடிமன், வாயை நோக்கி எப்படி மெலிகிறது என்பதைக் காட்டும் படமும் தேவை.

அடுத்தது இரும்பு. நம் பக்கத்துப் பட்டறைகளில் பெரும்பாலும் பழைய லாரிகளின் வில்பட்டைதான் கத்தியாகிறது. அதில் கரிச்சத்து ஏறத்தாழ அரை சதவீதத்துக்குச் சற்று மேல் இருப்பதால் அடி தாங்கும், எளிதில் ஒடியாது. அரிவாளுக்கும் கொடுவாளுக்கும் அதுவே சிறந்தது. பேரிங் எஃகில் கரிச்சத்து சுமார் ஒரு சதவீதம் இருப்பதால் கூர் நெடுநாள் நிற்கும். மெல்லிய கத்திகளுக்கு அது பொருந்தும், ஆனால் கீழே போட்டால் வாய் சிதறும். ஓடிக் களைத்த வில்பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கக்கூடும் என்பதால், துளையிட்ட நடுப்பகுதியை விட்டுவிட்டு வெட்டச் சொல்லுங்கள்.

முடிந்தால் பதம் வைக்கும் நாளில், அதாவது அலகைச் சூடாக்கித் தோய்த்துக் கடினமாக்கும் நாளில், பட்டறையில் இருக்கக் கேட்டுக்கொள்ளுங்கள். உலைக்குள் அலகு கருஞ்சிவப்பிலிருந்து செங்கல் நிறத்துக்கும் அதிலிருந்து மாம்பழ நிறத்தை நோக்கியும் ஏறும். ஏறத்தாழ 770 பாகை செல்சியஸில் இரும்பு காந்தத்தில் ஒட்டும் தன்மையை இழக்கும். அதற்குச் சற்று மேலே போனதும் எடுத்துத் தோய்க்க வேண்டும். நிழலான பட்டறையில் நின்று வெறும் கண்ணால் நிறம் பார்த்தே அந்த நொடியைப் பிடிக்கிறார்கள். வில்பட்டையைத் தண்ணீரில் தோய்த்தால் சில வேளைகளில் கீறல் விடும், எண்ணெயில் தோய்த்தால் அந்த ஆபத்து குறைவு. சிலர் வாய்ப்பகுதியை மட்டும் தோய்த்து முதுகை மெதுவாக ஆற விடுவார்கள். அப்படிச் செய்த அலகில் வாய் கடினமாகவும் முதுகு இளக்கமாகவும் நிற்கும். தோய்த்த பிறகு மீண்டும் சுமார் 200 பாகையில் வாட்டினால்தான் அலகு கண்ணாடிபோல் உடையாமல் இருக்கும் என்பதால், அந்த வேலையை முடித்துத் தரும்படி மறக்காமல் கேளுங்கள்.

பேரம் பேசுவது பற்றியும் ஒரு சொல். கரியும் கூலியும் ஏறியிருக்கும் காலத்தில், காட்சிக்கென்று ஒரு பொருளைக் கேட்பவர் கடையில் கிடைக்கும் ஆயத்தக் கத்தியின் விலைக்கு அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

பழைய பிடியைக் கழற்றிப் புதிதாகப் போடலாமா?

பிடி வெடித்து ஆடினால் போடலாம். வெறும் கறுப்பேறியிருந்தால் போட வேண்டாம். கை பட்டுப் பட்டு மெருகேறிய பிடி, அலகுக்கு நிகரான ஆவணம். அழுக்கு மட்டும் என்றால் ஈரத் துணியால் துடைத்து நிழலில் காயவைத்து, தேன்மெழுகும் எண்ணெயும் கலந்து தேய்த்தாலே போதும்.

மாற்றியே தீர வேண்டுமானால், பழைய முறையில் அலகின் வாலைப் பிடித் துளைக்குள் அரக்கும் செங்கல் பொடியும் கலந்து இறுக்கியிருப்பார்கள். வெந்நீராலோ மெல்லிய சூட்டாலோ அரக்கு இளகும். வாலைச் சுட்டுக் கழற்றும்போது அலகில் ஈரத் துணி சுற்றியிருக்க வேண்டும். இல்லையென்றால் சூடு வாய்வரை ஏறிப் பதம் போய்விடும். அலகின் பளிச்சென்ற பகுதியில் வைக்கோல் நிறம் தெரிந்தாலே நிறுத்துங்கள். நீலம் ஓடிவிட்டால் சுமார் 300 பாகையைத் தொட்டுவிட்டது என்று பொருள். கை கிரைண்டரால் அலகைத் தேய்ப்பவர்கள் செய்யும் கேடும் இதுவே: நொடிப்பொழுதில் வாய் நீலமாகி, கூர் நிற்காத வெறும் தகடாகிவிடும்.

புதிய பிடியையும் அரக்கு வைத்தே இறுக்கும்படி பரிந்துரைக்கிறோம். எப்பாக்சிப் பசை வலுவானதே. ஆனாலும் நாளை ஒருவர் கழற்ற நினைத்தால் மரத்தை உடைத்துத்தான் எடுக்க முடியும். கழுத்தில் போடும் பித்தளைப் பூணை வெட்டவோ நசுக்கவோ செய்யாமல் பழையதையே மீண்டும் போடுங்கள். கழற்றிய பழைய பிடியையும் எறியாமல் ஒரு துணிப்பையில் போட்டு, எந்தக் கத்தியுடையது என்று எழுதி வையுங்கள்.

பிடிக்கு எந்த மரம் நல்லது? மான் கொம்பு போடலாமா?

நம் ஊர் மரங்களிலேயே நல்லவை நிறைய உண்டு. புளிய மரத்தின் வைரம் கரும்பழுப்பாக, இழை பின்னி, எளிதில் பிளக்காமல் இருக்கும். புளிக்குப் பெயர்போன இந்த வட்டாரத்தில் அது கிடைப்பதும் எளிது. வறண்ட காடுகளில் வளரும் ஆச்சா மிகவும் கனமான மரம். கனமான அலகுக்கு எதிர்ச்சுமையாக நன்றாக அமையும், ஆனால் அரத்துக்கு எளிதில் வசப்படாது. பழைய மாமரங்களை வெட்டும் தோப்புகளில் கிடைக்கும் மாங்கட்டையில் சில வேளை அழகான கருங்கோடுகள் ஓடும். அது பூச்சிக்கு இரையாகும் மரம் என்பதால் நன்றாக உலர்ந்து மெழுகேறியிருக்க வேண்டும். எந்த மரமானாலும் பச்சையாகப் போட்டால் காய்ந்து சுருங்கிப் பூண் கழன்றுவிடும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு நிழலில் உலர விடுவது தச்சர்கள் சொல்லும் பொதுக்கணக்கு. சந்தனம், செம்மரம், தோதகத்தி ஆகியவற்றை ரசீது இல்லாமல் யார் கொடுத்தாலும் வாங்கக் கூடாது.

மான் கொம்பு கூடவே கூடாது. காட்டில் தானாக உதிர்ந்ததென்றாலும், பரம்பரையாக வீட்டில் இருந்ததென்று சொல்லி யாரேனும் விற்க வந்தாலும், 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதை வாங்குவதும் விற்பதும் குற்றம். யானைத் தந்தத்துக்கும் அதே நிலை. கொம்பின் அழகு வேண்டுமென்றால் எருமைக் கொம்பு இருக்கிறது. அதைச் சூடாக்கி நிமிர்த்தலாம், மெருகு போட்டால் கருங்கல்லைப்போல் மின்னும்.

அலகில் பெயரோ ஊரோ பொறிக்கலாமா?

பொறிப்பதானால் உங்கள் பெயரைவிட அடித்தவர் பெயரையும் ஆண்டையும் பொறிப்பது சிறப்பு, அதுவும் அவர் சம்மதித்தால் மட்டுமே. பதம் வைப்பதற்கு முன்பே அச்சு உளியால் அவரே அடித்துத் தருவது எல்லாவற்றிலும் நல்லது. பாத்திரக்கடைகளில் பெயர் வெட்டித் தருபவர்களிடம் கொண்டுபோனால், பதமேறிய எஃகில் அவர்களது எந்திர முனை ஆழமாக இறங்காது. பித்தளைப் பூணில் வெட்டச் சொன்னால் எழுத்து அழகாக விழும், அலகும் தப்பிக்கும்.

வீட்டிலேயே செய்ய விரும்புபவர்கள் மின்னரிப்பு முறையைக் கையாளலாம். அலகில் நகப்பூச்சைத் தடவிக் காய்ந்தபின் ஊசியால் எழுத்தைக் கீறி எடுத்து, 9 வோல்ட் மின்கலத்தின் நேர்முனையை அலகிலும் எதிர்முனையை உப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சிலும் இணைத்து, கீறிய இடத்தில் சில நொடிகள் ஒற்றி ஒற்றி எடுத்தால் எழுத்து அரிக்கும். சன்னல் திறந்திருக்க வேண்டும். துருப்பிடிக்காத எஃகில் இதைச் செய்தால் நச்சுத்தன்மையுள்ள குரோமியச் சேர்மங்கள் உண்டாகலாம் என்பதால் அதில் வேண்டாம். முடிந்தவுடன் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் கழுவி, துடைத்து, எண்ணெய் போட வேண்டும். பழைய அலகுகளில் எதையும் பொறிக்காதீர்கள்.

கண்ணாடிபோல் பளபளவென்று மெருகு போட்டால் அழகாக இருக்காதா?

ஆயத்தக் கத்திக்கு அழகாக இருக்கும். பட்டறைக் கத்தியில் பளபளப்பு ஏற ஏற, எந்தப் பக்கம் எத்தனை அடி விழுந்தது, எந்த இடத்தில் அரம் போட்டுச் சரிசெய்தார் என்பதெல்லாம் மறைந்துபோகும். வாயோரம் சாணை பிடித்த பட்டை மட்டும் வெண்மையாகவும் உடம்பு கருமையாகவும் இருப்பதே இவற்றின் இயல்பான தோற்றம்.

கருமை ஏற்ற வழி உண்டா?

உண்டு, அதற்குச் சமையலறையே போதும். கருமை துருவன்று, துருவைத் தடுத்து நிற்கும் மெல்லிய மேற்பூச்சு. வில்பட்டைக் கத்தியால் பச்சை மாங்காயையோ வாழைப்பூவையோ நறுக்கிப் பாருங்கள்: சில நிமிடங்களிலேயே வாயிலிருந்து சாம்பல் நிறமும் நீலமும் ஊதாவும் கலந்த அலைகள் மேலே ஏறும். சீராக வேண்டுமென்றால் அலகைச் சோப்புப் போட்டுக் கழுவி, எண்ணெய்ப் பசை துளியும் இல்லாமல் துடைத்து, கெட்டியான புளிக்கரைசலைப் பூசி, அரைமணி நேரத்துக்கு ஒருமுறை கழுவிப் பார்த்து, வேண்டிய கருமை வந்ததும் நிறுத்துங்கள். கடைசிக் கழுவலில் சமையல் சோடா சேர்ப்பது கட்டாயம். புளியின் அமிலம் மிச்சமிருந்தால் மறுநாள் காலையில் செந்துரு தலைகாட்டும்.

துரு பிடித்துவிட்டது. எப்படி எடுப்பது?

முதலில் துருவையும் கருமையையும் பிரித்தறிய வேண்டும். விரலால் தேய்த்தால் செம்பொடியாக ஒட்டுவது துரு; ஒட்டாமல் வழுவழுப்பாக இருப்பது கருமை, அதை எடுக்கக் கூடாது. துருவின்மேல் மண்ணெண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ விட்டு ஓர் இரவு ஊறவைத்து, மிக நுண்ணிய எஃகுக் கம்பளியால் அலகின் நீளவாக்கில் மெதுவாகத் தேய்க்க வேண்டும். தடித்த பொறுக்காக நிற்கும் இடங்களைப் பித்தளைத் தகட்டின் ஓரத்தால் நெம்பி எடுக்கலாம். பித்தளை இரும்பைவிட மென்மையானது என்பதால் அலகில் கீறல் விழாது. உப்புத்தாள் போட்டுக் குறுக்கே தேய்ப்பதும், அமிலத்தில் முக்கி வைப்பதும் பழைய கத்தியைப் பாழாக்கும் வழிகள். குழிவிழுந்த துருவின் அடியில் சிறிது கருஞ்செம்மை மிஞ்சினால் விட்டுவிடுங்கள். எண்ணெய் ஏறிய பிறகு அது பரவாது.

எந்த எண்ணெய் போடுவது?

அதியமானின் தூதாகக் காஞ்சிக்குச் சென்ற ஔவையார், தொண்டைமானின் படைக்கொட்டிலில் ஆயுதங்கள் மயிற்பீலி சூட்டி, மாலை அணிந்து, நெய் பூசப்பட்டு ஒளிர்வதைக் கண்டதாகவும், எங்கள் மன்னனின் வேல்களோ முனை முறிந்து கொல்லனின் உலைக்களத்தில் கிடக்கின்றன என்று சொன்னதாகவும் புறநானூற்றின் 95ஆம் பாடல் கூறுகிறது. அந்த அதியமானின் தகடூர்தான் இன்றைய தருமபுரி. இரும்புக்கு நெய்யிட்டுக் காத்த வழக்கம் எவ்வளவு பழையது என்பதற்கு அந்தப் பாடலே சான்று. ஆனால் இன்றைக்கு அதை அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை. நெய்யும் தேங்காய் எண்ணெயும் நாளடைவில் சிக்குப் பிடித்துப் புளித்து, அந்தப் புளிப்பே இரும்பை அரிக்கும், தூசியையும் இழுக்கும்.

காட்சிக்கு மட்டும் வைக்கும் அலகுக்குத் தையல் மெஷின் எண்ணெய் அல்லது வாசலின் மெல்லியதாகப் போதும். பூசிய பிறகு துடைத்தெடுத்ததுபோல் தோன்ற வேண்டும், வழியக் கூடாது. சமையலுக்கும் எடுக்கும் கத்தி என்றால் உணவுக்கு ஏற்ற கனிம எண்ணெய் வாங்குங்கள். நாள்தோறும் புழங்கும் கத்திக்குத் தேங்காய் எண்ணெய்கூடக் கேடில்லை, ஏனென்றால் அது சிக்குப் பிடிப்பதற்குள் கழுவப்பட்டுவிடும். மரப்பிடிக்கு ஆளிவிதை எண்ணெய் மிக நல்லது. அதைத் தொட்ட துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும் என்பதை மட்டும் மனத்தில் வைத்து, துணியை விரித்து வெளியில் காயவைத்த பிறகே குப்பையில் போடுங்கள்.

எண்ணெய்க்கு நாள்கணக்கு வேண்டாம், பருவக்கணக்கு போதும். கோடையில் தருமபுரியின் வறண்ட காற்றில் அலகு தன்போக்கில் இருக்கும். ஐப்பசி மழை தொடங்கும் முன் ஒருமுறையும், மார்கழிப் பனியில் ஒருமுறையும் கட்டாயம் பூச வேண்டும். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் குளிர்ந்த இரவுக்குப் பின் கதவைத் திறந்ததும் ஈரக்காற்று குளிர்ந்த இரும்பில் பனித்துளியாகப் படியும். அங்குள்ளவர்கள் இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டும். விருந்தினர் தொட்டுப் பார்த்தால் அன்றே துடைத்துவிடுங்கள். வியர்வையின் உப்பு பட்ட இடத்தில் விரல் ரேகை அப்படியே துருவாகப் பதிந்துவிடும்.

வீட்டில் எந்தச் சுவரில் வைப்பது?

குளியலறையையும் சமையலறையையும் ஒட்டிய சுவரும், மழைச்சாரல் படும் வெளிச்சுவரும் கூடாது. மாலை வெயில் நேராக விழும் இடத்தில் பிடி வெடிக்கும். கட்டில், சோபா, கதவு ஆகியவற்றுக்கு மேலே எக்காரணத்தைக் கொண்டும் தொங்கவிடக் கூடாது. புதிதாகச் சுண்ணாம்போ பெயின்டோ அடித்த அறையில் வாடை முழுவதும் போன பிறகே கத்திகளைக் கொண்டுவர வேண்டும்.

சுவரில் எப்படிப் பொருத்துவது? காந்தப் பட்டை போதுமா?

மெல்லிய கத்திகளுக்குக் காந்தப் பட்டை போதும், ஆனால் வெறும் காந்தத்தில் வைத்தால் வாய் இடிபட்டு மடங்கும். காந்தங்களை உள்ளே புதைத்து மேலே மெல்லிய பலகை வைத்த பட்டையாகச் செய்துகொள்ளுங்கள். வைக்கும்போது முதுகை முதலில் ஒட்டி, பிறகு அலகைச் சாய்க்க வேண்டும், எடுக்கும்போது வாயை முதலில் தூக்க வேண்டும். ஒரு கிலோவை நெருங்கும் அரிவாளையும் கொடுவாளையும் காந்தத்தை நம்பி விடக் கூடாது. அவற்றுக்குப் பலகையில் இரண்டு மரமுளைகள் அடித்து, ஒன்றில் அலகின் முதுகும் மற்றொன்றில் பிடியின் கழுத்தும் அமரும்படி படுக்கைவாட்டில் வைத்து, கொக்கி நுனியைச் சிறிய தோல்வாரால் பிணைத்துவிடுங்கள். ஹாலோ பிளாக் சுவரில் வெறும் ஆணி நிற்காது. துளையிட்டுப் பிளக் வைத்துத் திருகாணி போட்ட பிறகு, பலகையைக் கையால் நன்றாகக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டே கத்தியை வையுங்கள்.

மேசைமேல் நிறுத்த விரும்புபவர்களுக்கு நம் பக்கத்தில் ஒரு வசதி உண்டு. கிரானைட் அறுக்கும் பட்டறைகளில் ஓரத்துண்டுகள் மலிவாகக் கிடைக்கும். ஒரு துண்டில் இரண்டு துளை போட்டுப் பித்தளைக் கம்பியை வளைத்து நட்டு, கம்பிக்கு மெல்லிய தோல் சுற்றினால், சாயாத கனமான தாங்கி தயார். கல்லில் வாய் படாதவாறு கம்பியின் உயரத்தை அமைத்துக்கொள்ள வேண்டும்.

கண்ணாடி அலமாரியில் வைப்பது பாதுகாப்பானதா?

பூட்டு இருப்பதால் பாதுகாப்பு, காற்றோட்டம் இல்லாததால் ஆபத்து. புதிய பிளைவுட்டிலிருந்தும் எம்.டி.எஃப். பலகையிலிருந்தும் வெளியேறும் ஆவி, மூடிய அலமாரிக்குள் தங்கி இரும்பை அரிக்கும். செய்து முடித்த அலமாரியைச் சில வாரங்கள் திறந்தே வைத்திருந்து, பிறகு மெருகு போட்ட ஓர் இரும்பு ஆணியை உள்ளேயும் மற்றொன்றை வெளியேயும் ஒரு மாதம் வைத்துப் பாருங்கள். உள்ளே உள்ளது முதலில் மங்கினால் அலமாரி இன்னும் ஆறவில்லை. அடியில் விரிக்கச் சாயமேற்றாத, கஞ்சி போகத் துவைத்த பருத்தித் துணி நல்லது. வெல்வெட்டும் கம்பளித் துணியும் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், நுரை மெத்தை சில ஆண்டுகளில் உதிர்ந்து அலகில் ஒட்டும். சிலிக்கா ஜெல் பை வைத்து, நிறம் மாறியதும் வாட்டி மீண்டும் பயன்படுத்தலாம். விளக்குக்கு எல்.இ.டி. பட்டை போதும், சூடேறும் பல்பு வேண்டாம்.

தோலுறையிலேயே போட்டு வைக்கலாமா?

வெளியே எடுத்துச் செல்லும்போது மட்டும் உறை. வீட்டில் கத்தியும் உறையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். தோலில் மிஞ்சும் உப்பும் துவர்ப்பும் ஈரத்தோடு சேர்ந்து அலகை அரிக்கும், பித்தளைப் பூணில் பச்சைக் களிம்பு பூக்கும். உறை தைக்கத் தோல் வாங்கும்போது குரோம் பதனிட்ட தோலைவிட, ஆவாரம்பட்டை போன்ற தாவரத் துவர்ப்பில் பதனிட்ட தோலைக் கேட்டு வாங்குங்கள். அது விறைப்பாக நின்று அலகின் வடிவத்தை ஏற்கும்.

ஆயுத பூசையன்று பொட்டு வைத்த பிறகு என்ன செய்வது?

பூசை நடக்கட்டும், கருவிக்கு மரியாதை செய்யும் நாளில் கத்திகளை விட்டுவைக்க முடியாது. ஆனால் சந்தனமும் குங்குமமும் ஈரத்தோடு குழைக்கப்படுபவை, அலகில் நாள்கணக்கில் காய்ந்து கிடந்தால் அடியில் வட்டமாகத் துரு பூக்கும். பொட்டைப் பிடியிலோ பூணிலோ வைக்கலாம். அலகில்தான் வைக்க வேண்டுமென்றால் எண்ணெய் தடவி, அதன்மேல் வைத்து, மறுநாள் புனர்பூசை முடிந்ததும் துடைத்துவிடலாம். எலுமிச்சம்பழம் அறுத்த கத்தியை மட்டும் அப்போதே கழுவுங்கள்.

வீட்டில் கத்தியை மாட்டுவது ஆகாது என்று பெரியவர்கள் தடுக்கிறார்கள். என்ன சொல்வது?

வாதாட வேண்டாம். வாசலைப் பார்த்துக் கத்தி முனை நீட்டியிருக்கக் கூடாது, பூசையறைக்கு எதிரே கூடாது, துருப்பிடித்தோ முனை உடைந்தோ தொங்கக் கூடாது என்பவையே அவர்கள் வழக்கமாகச் சொல்வன. முனையைச் சுவர்ப்பக்கமோ கீழோ திருப்பி, பராமரித்து, தனி அறையில் வைத்தால் அவர்கள் சொன்னதும் நிறைவேறும், பாதுகாப்பும் கூடும். தாத்தாவின் அரிவாளுக்குக் கீழே அவர் பெயரை எழுதி வைத்த வீடுகளில், முதலில் தடுத்த பாட்டியே வருபவர்களுக்கு அதன் கதையைச் சொல்லத் தொடங்கிவிடுவார்.

குழந்தைகள் உள்ள வீட்டில்?

பூட்டிய கண்ணாடி அலமாரி ஒன்றே வழி. உயரத்தில் வைத்தால் போதும் என்பது நாற்காலி இழுத்துப் போடத் தெரியாத வயதுவரைதான் செல்லும். காட்சிக்கு மட்டும் உள்ள கத்திகளைச் சாணை பிடிக்காமல் மழுங்கவே விட்டுவிடுவதும் நல்லது.

ஒவ்வொரு கத்திக்கும் என்ன குறிப்பு எழுதி வைப்பது?

அடித்தவர், ஊர், ஆண்டு, என்ன இரும்பு, எந்த வேலைக்கு, பிடி என்ன மரம், யார் பயன்படுத்தினார்கள், என்னென்ன மாற்றம் செய்தீர்கள் என்பவற்றை ஒரு கட்டுக்குறிப்பேட்டில் எழுதி, எடையையும் நீளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கத்தியின்மேல் எதையும் ஒட்டாமல், பிடியில் நூலால் ஒரு சிறிய அட்டை எண்ணைக் கட்டினால் போதும். அடித்தவர் பெயர் தெரியாவிட்டால் வாங்கிய சந்தையின் பெயராவது இருக்கட்டும்: போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தை என்று எழுதி வைத்தால்கூட, பின்னால் ஒருவர் அந்தச் சுற்றுவட்டாரப் பட்டறைகளில் விசாரிக்க வழியிருக்கும். இன்று பல பட்டறைகளில் அடுத்த தலைமுறை வேறு வேலைக்குப் போய்விட்டது. பட்டறை மூடிய பிறகு, அந்தக் கைவேலையைப் பற்றி எழுத்தில் மிஞ்சுவது உங்கள் ஏட்டில் உள்ள நான்கு வரியாக இருக்கலாம் என்பதால், கொல்லர் உயிரோடிருக்கும்போதே நேரில் போய்க் கேட்டு எழுதுங்கள்.

தொகுப்பைத் தொடர வீட்டில் யாரும் இல்லையென்றால் யாரிடம் கொடுப்பது?

இன்னும் வேலைக்கு ஆகும் கத்திகளை அந்த வேலையைச் செய்பவரிடமே கொடுங்கள். ஒட்டுக்கத்தி நாற்றுப் பண்ணைக்கும் கொடுவாள் தோட்டக்காரருக்கும் போகட்டும். பழைய அலகுகளை, அடித்த குடும்பம் இருந்தால் முதலில் அவர்களிடம் கேட்டுவிட்டு, பிறகு மற்றொரு சேகரிப்பாளருக்குக் கொடுக்கலாம். எதைக் கொடுத்தாலும் குறிப்பேட்டில் அதற்குரிய பக்கத்தின் படியையும், கழற்றி வைத்திருக்கும் பழைய பிடியையும் சேர்த்தே கொடுத்து, வாங்கியவர் பெயரையும் முகவரியையும் எழுதிக்கொள்ளுங்கள்.